புரேவி இரவில எங்க படுத்தீங்கள்?

“அனர்த்தமொன்றுக்கு முன்னாயத்தமாக இருப்பது பயனுள்ளது.”

இதற்கு ஐந்து பதில்கள் உண்டு. முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றாக உடன்படவில்லை. ஐந்தில் ஒன்றைத் தொட்டால்தான் டப் அடுத்த கேள்விக்குப் போகும். திரியாயில் நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் இதற்கு ‘உடன்படவில்லை’ என்று சொன்ன ஒருவரைக்கூடக் காணவில்லை. ஆர் சொல்லுவினம்? பல் விளக்கிறது நல்லதா எண்டு கேட்டா, இல்லை எண்டு சொல்ல ஒரு ஆள் கிடைக்குமா? ஆனால் இப்படியான ‘ஓம்’களையும் ‘இல்லை’களையும் கூட்டித்தான், இந்த ஊரின் நம்பிக்கை இவ்வளவு, மனப்பாங்கு இவ்வளவு என்று கடைசியில் ஒரு இலக்கம் வரும். அந்த இலக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். ரெண்டு பேருக்குத் திரியாய்தான் ஊர், மற்ற ரெண்டு பேரும் குச்சவெளிப் பக்கம். ஓர் ஆய்வுத் திட்டத்துக்குத் தகவல் சேகரிக்கப் போனோம். திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஒரு நாள் பயிற்சி, ஒரு தொப்பி, ஒரு டப், முடிக்கிற படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. தலைப்பு, ‘அனர்த்த முன்னாயத்தம் தொடர்பான மக்களின் நம்பிக்கைகளும் மனப்பாங்குகளும்’. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு இப்படியான தலைப்புகளுக்கு ஒரு அவசரம் வந்துவிட்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டில் மண்சரிவு, எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம். அதற்குப் பிறகு கொழும்பில் இருந்து வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: சனம் ஏன் ஆயத்தமாக இல்லை?

கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் ஒளிந்திருக்கிறது. சனத்தின் தலைக்குள் ஏதோ குறை இருக்கிறது, அது என்ன என்று அளந்து கண்டுபிடித்தால் திருத்திவிடலாம் என்ற பதில்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். ஐந்து கட்டப் பதில் முறை ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளருடையது, 1932இல் வெளியிட்டார். கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிற எலும்புக்கூடு 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையில் பிறந்த ‘சுகாதார நம்பிக்கை மாதிரி’. அது பிறந்த கதை நல்ல கதை. காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியை இலவசமாக வாசல்வரைக்கும் அனுப்பியும் எதிர்பார்த்த அளவுக்குச் சனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராயப் போனவர்கள் சொன்னது இதுதான். ஒரு மனிசன் ஒரு காரியத்தில் இறங்கவேண்டுமானால், இது எனக்கும் வரலாம் என்று அவர் நினைக்கவேண்டும். வந்தால் பாரதூரமாக இருக்கும் என்று நினைக்கவேண்டும். செய்தால் பலன் உண்டு, இடைஞ்சல் அதைவிடக் குறைவு என்று தெரியவேண்டும். இறக்கிவிட ஏதாவது ஒரு தூண்டுதல் வேண்டும். என்னால ஏலும் என்ற துணிவு பிறகு சேர்க்கப்பட்ட ஆறாவது. 2018இல் துருக்கியில் சில ஆய்வாளர்கள் இந்த ஆறையும் அனர்த்த முன்னாயத்தத்துக்குப் பொருத்தி ஒரு பொது அளவுகோலை வெளியிட்டார்கள். நில நடுக்கங்களோடு வாழுகிற நாடு, அவர்களுக்கு அது தேவைதான். எங்கள் டப்பில் இருந்ததும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றே நினைக்கிறோம், முகச்சாயல் அப்படி.

இனி ஊரைச் சொல்லவேண்டும். திருகோணமலையில் இருந்து புல்மோட்டை ரோட்டில் ஏறினால் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி எல்லாம் தாண்டி வடக்கே வருகிறது திரியாய். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், அதுக்கு அங்கால காடு. பக்கத்தில் ஒரு மலை. அதன் உச்சியில் கிரிகண்டு சாய என்கிற பழைய பௌத்த தூபி இருக்கிறது. கடல் கடந்து வந்த வணிகர்களைப் பேசுகிற கல்வெட்டும் அங்கேதான். 1985இல் இந்த ஊர் எரிந்தது, சனம் சிதறியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. ரெண்டு வருசத்தில் சுனாமி.

முதல் சிக்கல் வாயில்தான் தொடங்கியது. “அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எனது வீடு ஓர் அனர்த்தத்தால் பாதிக்கப்படும் சாத்தியம் அதிகம்.” இதை வாசித்தவுடன் ஒரு அம்மம்மா எழும்பி நின்றுவிட்டார். “விளக்கு வைக்கிற நேரத்தில ஏன் புள்ள இப்பிடியெல்லாம் வாயில எடுக்கிறாய்? ஒண்டும் வராது. அந்தக் காளியாச்சி இருக்கிறா.” டப்புக்கு இது ‘முற்றாக உடன்படவில்லை’. பகுப்பாய்வில் இது ‘ஆபத்து தனக்கு வரும் என்ற உணர்வு குறைவு’ என்று விழும். ஆனால் அதே அம்மம்மா ஐப்பசி பிறந்தால் கூரைத் தகரத்துக்கு மேல் கல் ஏற்றுவிக்கிறவர், கிணற்றடி முருங்கையை வெட்டிவிடச் சொல்லிப் பேரனை அரிக்கிறவர். கெட்டது வரும் என்று அவருக்குத் தெரியும். வாயால் சொல்லி அதைக் கூப்பிடக்கூடாது என்பதும் தெரியும். எங்கட வீடுகளில் அமங்கலமான வார்த்தை சொன்னால் அம்மா வாயைப் பொத்துவது ஞாபகம் இருக்கும்தானே. அந்த வழக்கத்துக்கு லைக்கர்ட்டின் ஐந்து கட்டங்களில் இடமில்லை.

அடுத்தது ‘நம்பிக்கை’ என்ற சொல்லே. ஆங்கிலத்தில் நாலைந்து தனித்தனிச் சொற்களாக நிற்பவற்றை நாங்கள் இந்த ஒரு சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். கடவுளில் நம்பிக்கை, நாளைக்கு விடியும் என்ற நம்பிக்கை, கடன் தந்தவன் மேல் நம்பிக்கை, ஒரு கருத்து உண்மை என்ற நம்பிக்கை. “முன்னாயத்த நடவடிக்கைகளில் உங்களுக்கு நம்பிக்கை உள்ளதா?” என்று கேட்டால் ஒருவர் கோயிலைப் பற்றிப் பேசினார், ஒருவர் அரசாங்கத்தைப் பற்றி, ஒருவர் தன் மகனைப் பற்றி. மூன்று பேருக்கும் ஒரே இலக்கம். “என்னால் முடியும்” என்று எழுதியிருந்ததை நாங்கள் “என்னால ஏலும்” என்று சொல்லிக் கேட்டோம். அப்போதுதான் முகங்கள் தெளிந்தன.

மூன்றாவது, மரியாதை. தொப்பி போட்ட பிள்ளைகள் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்கள். பாய் போட்டு, தேத்தண்ணி தந்து, நாங்கள் வாசிக்கிறதுக்கெல்லாம் “ஓம் ஓம், அது சரிதான்” என்பார்கள். கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்டாலும் “ஓம்”. ஆய்வாளர்கள் இதற்குத் தனியாகப் பெயர் வைத்து, கணக்கில் கழிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் சிலர் ஓம் சொன்னதுக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. படிவம் முடிந்து நாங்கள் எழும்பும்போது மெல்லக் கேட்டார்கள்: “இது என்னத்துக்குத் தம்பி பதியிறீங்கள்? வீட்டுத் திட்டமோ?” பெயரை விடுபடாமல் எழுதச் சொன்னார்கள். 2004க்குப் பிறகு எத்தனையோ படிவம் நிரப்பிய ஊர். தறப்பாள், உலர் உணவு, வள்ளம், வீடு, எல்லாம் ஏதாவது ஒரு படிவத்தில் இருந்துதான் வந்திருக்கின்றன. படிவத்தோடு வருகிறவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பது இங்கே ஒரு வாழ்க்கைத் திறமை. அதில் எங்கட சனம் நல்ல மார்க்ஸ் எடுக்கும்.

பிறகு பை. “எனது வீட்டில் அவசரகாலப் பை தயாராக உள்ளது.” பயிற்சியில் படம் காட்டினார்கள்: ரோர்ச், ரேடியோ, முதலுதவிப் பெட்டி, தண்ணிப் போத்தல், விசில். ஒரு வீட்டில் “அப்பிடி ஒண்டும் இல்லை” என்று பதில் வந்தது. அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளையின் கிளினிக் கொப்பி, செத்துப்போன அப்பாவின் ஒரே ஒரு படம். எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள். “அதுவோ? அது ஓடுறதுக்கு வைச்சிருக்கிறது” என்றார் அந்த அக்கா, அது வேறு விசயம் என்பதைப்போல. வருசக்கணக்காக அந்த ஆணியில்தான் தொங்குகிறதாம். இரவில் கரண்ட் இல்லாத நேரமும் கை நேராகப் போகும் உயரத்தில்.

இந்த ஊருக்கு முன்னாயத்தம் தெரியாது என்று யாராவது எழுதினால் எங்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். பழக்கம் இருக்கிறது. அதற்கு இவர்கள் ‘அனர்த்த முன்னாயத்தம்’ என்று பெயர் வைக்கவில்லை. ‘நீங்கள் அனுபவித்த அனர்த்தம் எது’ என்ற கேள்விக்கு டப்பில் வெள்ளம், புயல், வறட்சி, சுனாமி, வேறு என்று இருந்தது. ஒரு ஐயா யோசிக்காமல் “எண்பத்தஞ்சு” என்றார். அது ‘வேறு’. இத்தனைக்கும் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அனர்த்தம் என்றால் என்னென்ன என்று சொல்லுமிடத்தில் வெள்ளம், சூறாவளி, சுனாமியோடு விமானத் தாக்குதலையும் உள்நாட்டுக் கலகத்தையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. டப்புக்குக் கேள்வி எழுதியவர்கள் சட்டத்தை வாசித்தார்களோ தெரியாது.

சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கிற பள்ளம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. லைக்கர்ட்டின் கட்டுரை வந்து ரெண்டு வருசத்தில், 1934இல், ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். சீனர்கள்மீது வெறுப்பு நிறைந்திருந்த அமெரிக்காவில் அவர் ஒரு சீனத் தம்பதியோடு ஊர் ஊராகக் கார் ஓடிப் போனார். 250க்கும் மேற்பட்ட ஹோட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இறங்கினார்கள். மறுத்தது ஒரேயொரு இடம். பிறகு அதே இடங்களுக்கு, சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா என்று கடிதத்தில் கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 வீதத்துக்கும் மேல் ‘இல்லை’. காகிதத்தில் ஒரு ஆள், வாசலில் இன்னொரு ஆள். எங்கட ஊரில் அது மறுவளமாக நடக்கலாம்: காகிதத்தில் எல்லாவற்றுக்கும் ஓம், மழை இறங்குகிற இரவில் வேறு கணக்கு.

அந்த இரவைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கேட்க விரும்பினோம். டப்பில் அது இல்லை. ஆகவே படிவம் முடிந்த பிறகு, தேத்தண்ணிக் கோப்பையோடு, சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டோம்: புரேவி இரவில எங்க படுத்தீங்கள்?

மறந்தவர்களுக்கு: 2020 டிசம்பர் 2, புதன்கிழமை. புரேவி புயல் இரவு பத்தரை, பதினொரு மணியளவில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. வானிலை அறிவித்தலில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் என்று எங்கட ஊர்ப்பெயர் வந்தது. அவ்வளவு நாளும் செய்தியில் காணிப் பிரச்சினைக்கு மட்டும் வந்த பெயர். மணிக்கு 80, 90 கிலோமீற்றர் வேகக் காற்று. கொரோனாக் காலம் வேறு. கிழக்கில் பல்லாயிரம் பேரைக் கரையில் இருந்து எழுப்பினார்கள். கடைசியில் பயந்த அளவுக்கு இங்கே ஒன்றும் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வெள்ளம், புயல் மன்னார் வளைகுடாவில் போய்க் குந்தியிருந்து தமிழ்நாட்டில் சிதம்பரம் கோயிலுக்குள் தண்ணி. எங்கட பக்கம் மரங்கள், வேலிகள், சில கூரைகள்.

பதில்கள் கொட்டின. பாடசாலையில் படுத்தவர்கள், உள்ளுக்குள்ள கல்வீட்டில் படுத்த தங்கச்சி வீட்டுக்குப் போனவர்கள், ‘கொரோனா பிடிக்கும், சனத்துக்குள்ள போகேலாது’ என்று வீட்டிலேயே கட்டிலுக்குக் கீழ் பிள்ளைகளைப் படுக்க வைத்தவர்கள். மாட்டுக்காரர் ஒருவர் கட்டையில் கிடந்த மாடு முழுதையும் அவிழ்த்துவிட்டு, பிறகு தானும் மேட்டுக்கு நடந்திருக்கிறார். அறுபத்திநாலு புயலில் கட்டையில் கட்டியிருந்த மாடுகள்தான் செத்தது என்று அவருடைய அப்பா சொல்லுவாராம். (1964 டிசம்பர் 22 இரவு இந்தக் கரையால் ஏறி, விடியுமுன் தனுஷ்கோடியை அழித்த அதே புயல்.) அறிவித்தலை யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று கேட்டால் ரேடியோ, போன் என்பதைவிட ஆட்களின் பெயர்கள்தான் அதிகம் வந்தன. ஜீ.எஸ்., கோயில் ஐயர், கடைக்காரர், புல்மோட்டையில் இருந்து கோல் எடுத்த நானா. ஒரு அக்காவுக்குக் கட்டாரில் இருந்து புருசன் சொல்லியிருக்கிறார். பேஸ்புக்கில் பார்த்தாராம்.

ஒரே இரவில் இருந்து ரெண்டு முடிவு வருவதைக் கண்டோம். “சும்மா வெருட்டினாங்கள், ஒண்டும் நடக்கேல்ல, இனி எழும்ப மாட்டம்” என்று ஒரு வீடு. அதற்குப் பக்கத்து வளவில் “கொஞ்சம் அங்கால திரும்பியிருந்தா முடிஞ்சுது, ஆச்சி புண்ணியம்” என்று இன்னொரு வீடு. 2012 ஏப்ரல் 11ஐயும் இப்படித்தான் சொல்கிறார்கள். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, புதுவருசத்துக்குச் சில நாள் முன்பு, பின்னேரம் சுனாமி எச்சரிக்கை வந்து, கரை முழுக்க ஓடியது. அலை வரவில்லை. அன்று ஓடியவர்கள் ஏமாந்தவர்களா, பழகிக்கொண்டவர்களா? ‘புலி வருது புலி வருது’ கதையைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள் (எங்கட பக்கத்தில் அந்தக் கதையை ஆள் பார்த்துத்தான் சொல்லவேணும்). ஆனால் அந்தக் கதையில் பெடியன் பொய் சொல்கிறான். வானிலை நிலையம் பொய் சொல்லவில்லை, புயல்தான் திரும்பியது. இந்த வித்தியாசத்தை யாராவது அடுத்த நாள் காலையில் ஊருக்கு வந்து சொல்லியிருந்தால் ‘வெருட்டினாங்கள்’ என்ற வீடும் வேறு மாதிரி யோசித்திருக்கும். எழுப்பிவிட ஆள் வந்தது, ஏன் எழுப்பினோம் என்று சொல்ல ஆள் வரவில்லை.

கடற்கரை வாடியில் ஒரு அண்ணை வலை தைத்துக்கொண்டே பதில் சொன்னார். எச்சரிக்கையை நம்புகிறாரா? முற்றாக உடன்படுகிறார. வெளியேறுவது உயிரைக் காக்கும்? முற்றாக. அன்றிரவு எங்கே? “வள்ளத்தோட.” இஞ்சின் கடனில் வாங்கியது. வள்ளத்துக்குக் காப்புறுதி இல்லை. ட்ரக்டர் பிடித்து எல்லா வள்ளத்தையும் மேலே இழுக்க விடியும்; இழுத்த வள்ளத்தை விட்டுவிட்டுப் போனால் இஞ்சின் நாளைக்கு இருக்குமோ என்று பயம். “உயிர் பெரிசு எண்டு எனக்கும் தெரியும் தம்பி. இஞ்சின் போனா மிச்ச உயிரை வைச்சு என்ன செய்யிறது?” அளவுகோலின் கணக்கில் இவர் உச்ச மார்க்ஸ் எடுத்த ஆள். அடுத்த புயலில் சாகக்கூடிய ஆளும் இவர்தான். ஆபத்தை நன்றாக உணர்ந்தவர்கள் கட்டாயம் ஆயத்தமாவார்கள் என்றில்லை என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டி எழுதி, அதை ஒரு முரண்புதிர் என்று சொன்னார்கள். வாடியில் குந்தியிருந்து கேட்டால் அதில் புதிர் ஒன்றும் இல்லை.

வயல்காரருக்கு வேறு கதை. கிழக்கில் புயல் வருகிற மாசங்களும் பெரும்போக விதைப்பு முடிந்து நகை அடகில் கிடக்கிற மாசங்களும் ஒன்றுதான். கார்த்திகையில் போய், கூரையைப் பலப்படுத்தக் காசு ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கிற பங்குனியில் கேட்டால் வேறு பதில் வரும். ஆளுடைய மனப்பாங்கு மாறவில்லை, மாசம்தான் மாறியது. அளவுகோலில் ‘இடைஞ்சல்கள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அது ஆறில் ஒன்று. ‘முன்னாயத்தம் செய்வது செலவானது’ என்ற ஒரு வரிக்குள் இந்த அடகுச் சீட்டெல்லாம் அடங்கவேண்டும்.

ஓடுவதற்கு எங்கே என்ற கேள்வியும் அப்படி. உயரமான இடம் எது என்றால் ஊரில் எல்லோரும் காட்டுவது அந்த மலையை. மலையைச் சுற்றியுள்ள காணிகள் பற்றித் தொல்லியல் தரப்புக்கும் ஊர்ச் சனத்துக்கும் இடையில் நடக்கிற இழுபறி செய்திகளில் வந்ததுதான். ராவோடு ராவாகப் பிள்ளைகளோடு அங்கே ஏறுவீர்களா என்று கேட்டபோது சிலர் ஓம் என்றார்கள். சிலர் பதில் சொல்லாமல் மலையைப் பார்த்தார்கள். ‘நடுநிலை’.

பெண்களைத் தனியாகக் கேட்டால்தான் சில விசயங்கள் வெளிவந்தன. ‘வீட்டுத் தலைவர் பதிலளிக்கவும்’ என்று இருந்ததால் கதிரையில் இருந்தவர் ஆண், கதவு நிலையில் சாய்ந்து நின்றவர் பெண். அவர் எங்களோடு படலைவரை வந்து சொன்னது: பாடசாலையில் மலசலகூடத்துக்குத் தண்ணி இல்லை, வயசுக்கு வந்த பிள்ளையோடு ஹோலுக்குள் எப்படிப் படுப்பது, அதுதான் கடைசிவரை போகாமல் நின்றோம். சுனாமிக்குப் பிறகு அம்பாறை மாவட்ட முகாம்களில் செய்த ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களும், வளர்ந்தவர்களைவிடச் சிறுவரும் முதியவரும் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. கூடச் சாகிறவர் படலையடியிலும் குறையச் சாகிறவர் கதிரையிலும் இருக்க, யாருடைய மனப்பாங்கை அளக்கிறோம்?

இதையெல்லாம் வைத்து நம்பிக்கை ஒன்றுக்கும் உதவாது எண்டு சொல்ல வரேல்ல. 2004 டிசம்பர் 26 காலை, எங்கட நேரம் ஏழு மணிக்கு ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் முன்பு நிலம் நடுங்கியது. எங்கட கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரமும் எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. கடல் உள்ளுக்குப் போனதைக் கண்டவர்களுக்கும் அது என்ன என்று சொல்ல ஒரு சொல் இல்லை. ‘சுனாமி’யை நாங்கள் பிறகுதான் படித்தோம். நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிகக் கிட்ட இருந்த சிமெலுவே தீவில் அந்தச் சொல் இருந்தது. 1907இல் அங்கே அலை வந்து பெருந்தொகையாகச் சனம் செத்தது. அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, நிலம் பலமாக நடுங்கி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004இல் சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் அலைக்கு இறந்தது ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு கருத்து எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் சிமெலுவேயில் ஏறுவதற்கு வீட்டுக்குப் பின்னாலேயே மலை இருந்தது. ஏறக்கூடாது என்று யாரும் சொல்லாத மலை.

நாங்கள் இவ்வளவு மினக்கெட்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இலக்கங்கள் தூங்கப் போவதில்லை. ‘மனப்பாங்கு குறைவு’ என்று வந்தால் அடுத்து வருவது விழிப்புணர்வுச் செயலமர்வு. பனர் கட்டி, பைல் ஒன்றும் பேனை ஒன்றும் தந்து, சோறு தந்து, 117க்குக் கோல் எடுங்கோ என்று சொல்லி முடியும். நாங்கள் அதிலும் போய் இருந்திருக்கிறோம். சோறு நல்லாத்தான் இருந்தது. ‘வள்ளம் இழுக்க ட்ரக்டர் இல்லை, இஞ்சினுக்குக் காப்புறுதி இல்லை, பாடசாலை மலசலகூடத்தில் தண்ணி இல்லை’ என்று வந்தால் வரவேண்டியது வேறு. அது செலவான விசயம், வேறு வேறு திணைக்களங்கள் கையெழுத்து வைக்கவேண்டிய விசயம். ஊருக்கு மனப்பாங்கு சரியில்லை என்று சொல்வதுதான் எல்லோருக்கும் மலிவு. டப்பின் கடைசிப் பக்கத்தில் ‘வேறு குறிப்புகள்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் எழுத்து எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வாடி அண்ணையின் இஞ்சினை அதற்குள் அடக்க எங்களில் ஒருத்தி மூன்று தரம் எழுதி எழுதி அழித்தாள்.

கேள்விகளை மாற்றலாம், அது முடியாத காரியம் இல்லை. என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன், போன முறை என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். யார் சொன்னால் எழும்புவீர்கள், யார் சொன்னால் எழும்ப மாட்டீர்கள் என்று ஆளைக் கேட்கலாம். எதை விட்டுவிட்டு வர ஏலாது என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் யாரும் ‘நடுநிலை’ சொல்லமாட்டார்கள். மாசியில் ஒருக்கா, கார்த்திகையில் ஒருக்கா கேட்கலாம். கதிரையில் இருப்பவரையும் நிலையில் சாய்ந்திருப்பவரையும் வேறு வேறாகக் கேட்கலாம். அதே டப்பில் கேட்கலாம், தொப்பியும் போட்டுக்கொண்டே கேட்கலாம்.

படிவங்களை அனுப்பிவிட்டோம். அறிக்கை வரும், ஆங்கிலத்தில் வரும். நாங்கள் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் தலைப்பில் இருக்கிற கேள்வியை மட்டும் எழுதி, திரியாயில் கேட்ட பதில்களை ஞாபகம் இருக்கிற மட்டும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வருகிறோம், பெயர் போடாமல். குச்சவெளி, கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, புல்மோட்டை, தென்னமரவடிப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், உங்கட அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டு ராத்தாவிடமோ கேட்டு வோய்ஸில் அனுப்புங்கோ. சிங்களத்தில் சொன்னாலும் பரவாயில்லை, எங்களில் ஒருத்தனுக்கு நல்லா விளங்கும். சின்ன வேண்டுகோள்: விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்க வேண்டாம்.